பெயர் மீடியேட்டர், வேலை வேறு

அப்பாச்சி சினாப்ஸ் என்ற மென்பொருளின் மூலநிரலைத் திறப்பவர் கண்ணில் சீக்கிரமே படுவது மீடியேட்டர் என்ற இடைமுகம். அதைச் சுற்றிப் பெரிய கூட்டம்: லொக் மீடியேட்டர், சென்ட் மீடியேட்டர், ஃபில்டர் மீடியேட்டர், சுவிட்ச் மீடியேட்டர் என்று வரிசை நீளும். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலுள்ள ஐ.ஐ.டி.யிலோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு இது தெரிந்த முகமாகத் தோன்றும். பாடத்தில் படித்த 23 வடிவமைப்புக் கோலங்களில் ஒன்றின் பெயரும் மீடியேட்டர்தான். உள்ளே போய் இரண்டு மெத்தட்களை வாசித்தால் அந்த நினைப்புப் பிழை என்று விளங்கிவிடும். இந்த மீடியேட்டருக்கும் பாடநூல் மீடியேட்டருக்கும் பெயர் மட்டுமே பொது.

ஒரு பொறியியலாளர் தேநீர் ஆறுமுன் தெளிந்துகொள்ளும் இந்த விஷயத்தை ஒரு கருவி தானாகக் கண்டுபிடிக்குமா? மூலநிரலை வாசித்து, அதில் எந்த வடிவமைப்புக் கோலம், அலுவலகப் பேச்சில் டிசைன் பெட்டர்ன், எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவிகள் 1996 முதல் வந்துகொண்டிருக்கின்றன. புதிதாக வரும் ஒவ்வொன்றும் பழையவற்றோடு தன்னை ஒப்பிட்டு, தானே மேல் என்று அட்டவணை போட்டுக் காட்டும். எனக்குச் சந்தேகம் கருவிகள் மேல் அல்ல, அந்த அட்டவணைகள் மேல்.

சினாப்ஸ் கொழும்போடு ஒட்டிய கதை. 2003இல் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது, உலகம் முழுவதும் பாவிக்கும் திறந்த மூலநிரலை இங்கிருந்தே எழுதலாம் என்ற பழக்கம் ஒரு தலைமுறைப் பொறியியலாளருக்கு வந்தது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் வேறு சிலரும் டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு சினாப்ஸ் அப்பாச்சியின் கீழ் தொடங்கியது. வெளிநாட்டுக் கம்பனிகளும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் கோட் எழுதிய கைகளில் பெரும்பாலானவை கொழும்புக் கைகள். 2024இல் ஈ.கியூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து டபிள்யூ.எஸ்.ஓ.2ஐ வாங்க ஒப்புக்கொண்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கம்பனியின் ஒருங்கிணைப்பு மென்பொருளுக்குள் சினாப்ஸின் வழிவந்த கோட் இன்றும் ஓடுகிறது.

அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு வங்கியின் கணக்கு அமைப்பும் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கட்டண அமைப்பும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால் எழுதப்பட்டவை. ஒன்றின் செய்தி மற்றதற்கு விளங்காது. சினாப்ஸ் நடுவில் இருந்து செய்தியை வாங்கி, பதிந்து, வடிகட்டி, உருமாற்றி, உரிய இடத்துக்கு அனுப்பும். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு மீடியேட்டர். அவற்றை வரிசையாகக் கோர்த்தால் ஒரு சீக்குவென்ஸ்.

கோலம் என்ற யோசனை கணினிக்காரருடையதே அல்ல. வியன்னாவில் பிறந்த கட்டடக்கலை அறிஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977இல் வெளியிட்ட நூலில், வீடும் தெருவும் ஊரும் அமைக்க உதவும் 253 கோலங்களைத் தொகுத்தார். அதற்கு வெகு முன்பே அவர் குஜராத்தில் பாவ்ரா என்ற கிராமத்தில் போய்த் தங்கியிருந்தார். 1964இல் வந்த நூலில் ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை 141 ஆகப் பிரித்து, எது எதனோடு சிக்குகிறது என்று பார்த்துக் குழுக்களாக்கிக் காட்டினார். ஒரு வடிவம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். வடிவம் அதற்குப் பிறகுதான். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜோன்சன், ஜோன் விளிசைட்ஸ் ஆகிய நால்வரும் இந்த யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்து 23 கோலங்களை எழுதினார்கள். அவர்களும் ஒவ்வொரு கோலத்தையும் அதன் நோக்கத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள்.

கோட்டில் நோக்கம் இருக்காது, வடிவம் மட்டும் இருக்கும். பிரச்சினை முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாடகை முச்சக்கரவண்டி பிடித்துத் தரும் ஒரு செயலியை எழுதுகிறோம் என்று வையுங்கள். கட்டணம் கணக்கிட ஒரு இடைமுகம்; அதன் கீழ் முச்சக்கரவண்டிக் கட்டணம், கார்க் கட்டணம் என்று வகுப்புகள். பயணி எதைத் தெரிகிறாரோ அது செருகப்படும். இது ஸ்ட்ராட்டஜி. அதே செயலியில் பயணத்தின் நிலைக்கு இன்னொரு இடைமுகம். அதன் கீழ் காத்திருக்கிறது, ஏறியாயிற்று, முடிந்தது என்று வகுப்புகள். பயணம் நடக்க நடக்க ஒன்று தானே மற்றதாக மாறும். இது ஸ்டேட். இரண்டையும் படமாகக் கீறினால் ஒரே படம்: ஒரு பெட்டி, அது பிடித்திருக்கும் ஒரு இடைமுகம், அதன் கீழ் சில வகுப்புகள். வித்தியாசம், யார் எப்போது மாற்றுகிறார்கள் என்பதில் மட்டும்.

ஆரம்பகாலக் கருவிகள் படத்தை மட்டுமே பார்த்தன. 1996இல் ஜெர்மனியில் கிறிஸ்டியன் கிரேமரும் லுட்ஸ் பிரெக்கெல்ட்டும் பாட் என்ற ஒன்றைச் செய்தார்கள். சி++ நிரலின் தலைப்புக் கோப்புகளிலிருந்து வகுப்புகளின் உறவுகளைப் பிரித்தெடுத்து, புரொலொக் மொழியில் விதிகளாக எழுதிய கோலங்களோடு பொருத்திப் பார்க்கும். மெத்தட்களின் உட்புறத்தை அது வாசிக்கவில்லை. காட்டியவற்றில் 14 முதல் 50 வீதம்தான் சரி என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பிறகு வந்த பல கட்டுரைகளில் அது குறைவு.

பத்து ஆண்டு கழித்து, 2006இல், இரண்டு நல்ல கருவிகள் ஒன்றாக வந்தன. இரண்டும் வெவ்வேறு வழி. கிரேக்கத்தின் மெசடோனியாப் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாஸ் சான்டாலிஸும் கூட்டாளிகளும் செய்த கருவி, நிரலைப் புள்ளிகளும் கோடுகளுமான வலைப்பின்னலாக மாற்றி, அதை அணிகளாக எழுதும். கோலமும் அணிதான். இரண்டிலும் எந்தப் புள்ளி எதற்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பெண் கணக்கிடும். அச்சொட்டாகப் பொருந்தத் தேவையில்லை என்பதே இதன் பலம். பாடநூலில் ஒரு படி மரபுரிமை என்றால் நிஜக் கோட்டில் நடுவே இன்னும் இரண்டு வகுப்புகள் நுழைந்திருக்கும். இந்தக் கருவி அதற்குத் தடுமாறாது. ஸ்டேட்டையும் ஸ்ட்ராட்டஜியையும் பிரிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் காட்டும்.

மற்றது கலிபோர்னியாவில் நீஜா ஷியும் ரொன் ஒல்சனும் செய்த பினொட். ஜைக்ஸ் என்ற ஜாவாக் கம்பைலரின் மேலே கட்டப்பட்டதால் இது மெத்தட்களின் உள்ளே போய்ப் பார்க்கும். ஒரு வகுப்புக்கு ஒரே பொருள் என்ற சிங்கிள்டன் கோலம் என்றால், அந்த ஒரே பொருளை ஒரு தடவைதான் உருவாக்குகிறதா என்று பாயும் தரவைப் பின்தொடர்ந்து சோதிக்கும். ஸ்டேட்டையும் ஸ்ட்ராட்டஜியையும் பிரிக்கவும் முயலும். இதற்கு ஒரு விலை உண்டு. எழுதுபவர் கோலத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதினால் பினொட்டின் விதி பொருந்தாது.

பிறகு வந்தவர்களில் கனடாவின் யான்-காயேல் கேயேநூக்கும் ஜூலியானோ அந்தோனியோலும் 2008இல் காட்டிய டிமிமா வேறொரு தெரிவைச் செய்தது: ஒன்றையும் தவறவிடக் கூடாது. உண்மையில் இருப்பவை அத்தனையும் அதில் அகப்பட்டன. ஆனால் காட்டியவற்றில் சராசரியாக 34 வீதம்தான் சரி. மூன்று காட்டினால் இரண்டு பிழை. கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். பழைய நிரலைத் திருத்தப் போகும் ஒருவருக்கோ, முப்பது இடத்தைப் பார்த்துப் பத்தைப் பிடிப்பது ஐந்நூறு வகுப்புகளையும் வாசிப்பதைவிட இலகு. எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு, யாருக்கு என்று கேட்காமல் பதில் இல்லை. மிலானில் செய்த மார்பிள் போன்ற கருவிகள் இயந்திரக் கற்றலைச் சேர்த்துக்கொண்டு, முதலில் வலையை அகலமாக வீசிப் பிறகு பதரை வடிகட்டின.

இத்தனை கருவிகளையும் எதில் சோதித்தார்கள்? எல்லாக் கட்டுரைகளிலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சான்டாலிஸ் குழு எடுத்தவை ஜேஹொட்டிரோ 5.1, ஜேரிஃபாக்டரி, ஜேயூனிட் 3.7. ஜேஹொட்டிரோ படம் கீறும் மென்பொருள்களுக்கான சட்டகம். எரிக் காமாவும் தோமஸ் எக்கன்ஷ்விலரும் வடிவமைப்புக் கோலங்களைச் செய்துகாட்டும் பயிற்சியாகவே அதை ஜாவாவில் எழுதினார்கள். ஜேயூனிட்டோ, 1997இல் கென்ட் பெக்கும் அதே காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் எழுதத் தொடங்கியது. அதாவது மூன்றில் இரண்டு, கோலங்களின் நூலை எழுதிய நால்வரில் ஒருவரே கைவைத்து எழுதிய நிரல். அவர் நூலில் கீறிய படத்துக்கும் அவர் கோட்டுக்கும் பொருத்தம் இருக்காமல் வேறு யாருடையதில் இருக்கும்? ஜேஹொட்டிரோவைத் தேர்ந்ததற்கு நியாயமும் உண்டு: எங்கே என்ன கோலம் என்பது ஆவணத்தில் எழுதியிருக்கிறது, சரிபார்க்கலாம். ஆனால் அங்கே எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு வங்கியின் கோட்டில் அந்தக் கருவி என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாது.

அதனால்தான் சினாப்ஸ் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. இது பாடம் சொல்ல எழுதியதல்ல. வாடிக்கையாளர் அவசரத்தில், பல கைகள் மாறி மாறி எழுதியது. கருவிகளை ஓட்டாமல், கோட்டைக் கையால் பின்தொடர்ந்தே எந்த வகைக் கருவி எங்கே இடறும் என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். பாடநூலின் மீடியேட்டர் என்பது, பல பொருள்கள் ஒன்றோடொன்று நேரே பேசாமல் நடுவில் ஒருவர் மூலம் பேசுவது. சினாப்ஸின் மீடியேட்டரில் அப்படி எதுவும் இல்லை. மீடியேட் என்று ஒரு மெத்தட். செய்தியை வாங்கும், வேலையைச் செய்யும், தொடரலாமா வேண்டாமா என்பதை உண்மை அல்லது பொய் என்று திருப்பித் தரும். வேடிக்கை என்னவென்றால், முழுச் சினாப்ஸையும் தூர நின்று பார்த்தால், வங்கிக்கும் தொலைபேசிக் கம்பனிக்கும் நடுவில் இருக்கும் அது நிஜமாகவே ஒரு மீடியேட்டர். பெயர் ஒரு மாடி மேலே பொருந்துகிறது, வகுப்பு மட்டத்தில் பொருந்தவில்லை. பெயரையும் ஒரு தடயமாக எடுக்கும் கருவி, குறிப்பாக மொழியைக் கற்று வந்த புதிய கருவி, இங்கே விழ வாய்ப்புண்டு. இட்டரேட் மீடியேட்டர் என்று இன்னொன்றும் இருக்கிறது; அது ஒரு செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்புவது, இட்டரேட்டர் கோலம் அல்ல.

அடுத்தது வடிவம். லிஸ்ட் மீடியேட்டர் என்ற இடைமுகம் மீடியேட்டரிலிருந்தே வருகிறது. அதைச் செயற்படுத்தும் வகுப்பு தனக்குள் மீடியேட்டர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் மீடியேட் மெத்தட் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் மீடியேட்டையும் அழைக்கிறது. தானும் தன் உறுப்பும் ஒரே இனம் என்பதால் இது கொம்போசிட். படம் பார்க்கும் கருவிகளும் இதைப் பிடித்துவிடும். ஆனால் அந்தச் சுற்றுக்குள் ஒரு வரி இருக்கிறது: ஏதாவது ஒன்று பொய் என்று திருப்பினால் அங்கேயே நிறுத்து. இது பொறுப்புச் சங்கிலி, செயின் ஒஃப் ரெஸ்பொன்சிபிலிட்டி. நூலில் உள்ள சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும். இங்கே எந்த மீடியேட்டருக்கும் அடுத்தவரைத் தெரியாது, பட்டியல்காரர்தான் நடத்துகிறார். அடுத்த கண்ணியைக் காட்டும் சுட்டியைத் தேடும் கருவிக்கு இது சங்கிலியே அல்ல. எழுதியவர்களைக் கேட்டால் சங்கிலி என்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சுவிட்ச் மீடியேட்டர் இன்னும் சிக்கல். அது லிஸ்ட் மீடியேட்டர் வழியில் வரவில்லை. சுவிட்ச் கேஸ் என்ற வேறு வகைப் பொருள்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கேஸுக்குள்ளும் ஒரு மீடியேட்டர் பட்டியல். நோக்கத்தில் இதுவும் கொம்போசிட்தான், மீடியேட்டருக்குள் மீடியேட்டர்கள். வடிவத்திலோ நடுவே அந்நியர் ஒருவர் நிற்கிறார். இறுக்கமான விதி இதை விட்டுவிடும். ஒற்றுமைக்கு மதிப்பெண் போடும் கருவிக்கு வாய்ப்பு உண்டு.

கருவிகளின் வயதும் குறுக்கே நிற்கும். சினாப்ஸின் பட்டியல்கள் ஜாவா 5இல் வந்த ஜெனரிக்ஸில் எழுதப்பட்டவை: 'லிஸ்ட்' என்று மட்டும் இல்லாமல் 'மீடியேட்டர்களின் லிஸ்ட்' என்று. பினொட் சார்ந்திருந்த ஜைக்ஸின் கடைசி வெளியீடு 2004இல். இந்த எழுத்துமுறை அதற்கு முழுதாக விளங்காது. கம்பைல் செய்த பைட்கோடை வாசிக்கும் கருவிகளுக்கு வேறு தொல்லை. பைட்கோடில் பட்டியலை வைத்திருக்கும் களத்தின் வகை வெறும் லிஸ்ட் என்றே நிற்கும். உள்ளே மீடியேட்டர் என்ற தகவல் தனிக் குறிப்பாக ஒரு மூலையில் இருக்கும். அந்த மூலையைத் தேடி வாசிக்காத கருவிக்குக் கொம்போசிட்டின் நடுக்கோடே கண்ணில் படாது. ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்த மாதிரி விஷயத்துக்கு நெடுவரிசை இருப்பதில்லை.

இவற்றைவிடப் பெரியது, எந்த மீடியேட்டருக்குப் பின் எது என்பது ஜாவாக் கோட்டில் எழுதப்படவே இல்லை. அது எக்ஸ்.எம்.எல். அமைப்புக் கோப்பில் இருக்கிறது. சினாப்ஸ் எழும்பும்போது அதை வாசித்து, உரிய ஃபாக்டரி வகுப்பைத் தேடி, பொருள்களை உருவாக்கிக் கோர்க்கிறது. மூலநிரலை மட்டும் வாசிக்கும் கருவிக்கு அந்த வரிசை கிடையாது. ஓடவிட்டுப் பார்க்கும் முறைகளும் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்திலிருந்தே சில குழுக்கள், வடிவத்தில் கண்ட சந்தேக இடங்களை ஓட்டத்தில் உறுதிசெய்தன. ஆனால் ஓட்டும்போது நடந்ததுதான் தெரியும். அன்று எந்தக் கோப்பைக் கொடுத்து ஓட்டினீர்களோ, அதற்கு மேல் இல்லை. எந்தக் கோப்புக்கும் எந்த நிரலுக்கும் பிழையில்லாமல் நடத்தையைச் சொல்லும் கருவி ஒருநாளும் வராது என்பதை 1953இலேயே ஹென்றி ரைஸ் கணிதமாக நிறுவிவிட்டார்.

இனி எண்ணிக்கை. மேலே சொன்ன கொம்போசிட் ஒன்றா, பலவா? மீடியேட்டர் இடைமுகத்துக்கும் லிஸ்ட் மீடியேட்டருக்கும் உள்ள உறவை ஒன்று என எண்ணும் கருவி ஒன்று சொல்லும். சீக்குவென்ஸ், ஃபில்டர் என்று ஒவ்வொரு கொள்கலனையும் தனித்தனியே எண்ணுவது சில சொல்லும். இலையாக நிற்கும் லொக், சென்ட், டிரொப் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவது டசின் கணக்கில் சொல்லும். மூன்றும் ஒரே கோட்டைப் பார்த்து ஒரே விஷயத்தைத்தான் கண்டிருக்கின்றன. அட்டவணையில் போட்டால் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு திறமை என்று தெரியும். 2010இல் சுவீடனின் பெட்டர்சன், லோவ, நிவ்ரே மூவரும் இந்த மதிப்பீட்டுக் குழப்பங்களை எடுத்து அலசினார்கள். யோக்கிம் நிவ்ரே கணினி மொழியியலாளர். வாக்கியங்களைக் கூறுபோடும் கருவிகளை எப்படி அளப்பது என்று அந்தத் துறை ஏற்கெனவே அடிபட்டுக் கற்றிருந்தது. நல்ல இடத்திலிருந்து உதவி வந்தது என்பேன்.

சரியான விடை எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதும் தீராத கேள்வி. கேயேநூக் குழு பி-மார்ட் என்ற தொகுப்பில் சில நிரல்களைக் கையால் வாசித்துக் குறித்துவைத்தது. ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தில் ரூடோல்ஃப் ஃபெரென்ஸ் குழு 2006இல் கொலம்பஸ், மைசா, குரோக்கோபாட் என்ற மூன்று சி++ கருவிகளை ஒரே களத்தில் இறக்கி ஒப்பிட்டது. 2008இல், கருவிகள் காட்டியவற்றை ஆட்கள் பார்த்து மதிப்பிடும் பொதுத்தளம் ஒன்றையும் அமைத்தது. ஜெர்மனியின் பொன் நகரில் குந்தர் நீசலும் அலெக்ஸ் பினுனும் 2009இல் இன்னும் புத்திசாலித்தனமாக, கருவிகளைச் சண்டைக்கு விடாமல், அவற்றின் விடைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்று தவறவிட்டதை மற்றது கண்டது. ஒப்பிடுவதைவிடச் சேர்ப்பதில் லாபம் அதிகம்.

இப்போது பலர் கோட்டை அப்படியே ஒரு பெரிய மொழி மாதிரியிடம் ஒட்டி, 'இதில் என்ன பெட்டர்ன்?' என்று கேட்கிறார்கள். பதில் சரளமாக வரும். ஜேஹொட்டிரோவை வைத்து அதைச் சோதிப்பதில் பயனில்லை; அந்தக் கோட்டையும் அதைப் பற்றி எழுதிய கட்டுரைகளையும் அது பயிற்சியிலேயே வாசித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சினாப்ஸும் பொதுவெளியில் இருப்பதுதான். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது: எல்லா வகுப்புப் பெயர்களையும் மெத்தட் பெயர்களையும் அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றிவிட்டு மறுபடியும் கேளுங்கள். விடை மாறினால், அது வாசித்தது வடிவத்தை அல்ல, பெயரை.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், எழுதியவர்கள் போய்விடுகிறார்கள். கொழும்புக் கம்பனிகளில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோட் இங்கே, எழுதியவர் மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ. பாட் கருவியைச் செய்த அதே பிரெக்கெல்ட் பின்பு கூட்டாளிகளோடு மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார். கோட்டில் எந்தக் கோலம் என்று ஓரிரு வரிக் குறிப்பு இருந்தால், திருத்துபவர்கள் வேலையை விரைவாகவோ பிழை குறைவாகவோ முடித்தார்கள். அந்தக் குறிப்பை எழுதாமல் போனவர்களுக்காகத்தான் இந்தக் கருவிகள் எல்லாம்.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. இன்னொரு கண்டுபிடிப்புக் கருவி செய்ய வேண்டாம். சினாப்ஸின் ஒரு பதிப்பை எடுத்து, இரண்டு பேர் தனித்தனியே, ஒருவரை ஒருவர் கேளாமல், கோலங்களைக் குறியுங்கள். எதை ஒன்று என எண்ணுவது என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். முடிந்தால் அந்தக் கோட்டை எழுதியவர் ஒருவரைக் கண்டுபிடித்து மூன்றாவதாகக் கேளுங்கள். கொழும்பில் அது இன்னும் சாத்தியம். மூவரும் ஒத்துப்போகாத இடங்களை அழித்துவிடாமல், ஒவ்வொருவரும் சொன்ன காரணத்தோடு தனிப் பட்டியலாக வையுங்கள். சுவிட்ச் மீடியேட்டர் அந்தப் பட்டியலில் முதலில் வரும் என்பது என் கணிப்பு.